கடல் கண்ணிவெடிக்கு செஞ்சிலுவை தெரியுமா?

போர் விதிகளைச் சொல்ற 1907 ஹேக் ஒப்பந்தப்படி அந்தக் காலத்துல ராணுவ ஆஸ்பத்திரி கப்பல்னா முழுசா வெள்ளை அடிக்கணும், பக்கவாட்டுல ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு பச்சைப் பட்டை போடணும், செஞ்சிலுவைக் கொடி ஏத்தணும், பேரை எதிரிகிட்டயே முன்கூட்டி சொல்லிடணும். அவங்க ஏறி சோதனை போடலாம், ஆனா தாக்கக்கூடாது.

ஆங்லியாங்கிற பிரிட்டிஷ் கப்பல் அப்படி மாறினதுதான். வேல்ஸ்ல இருக்கற ஹோலிஹெட்டுக்கும் அயர்லாந்துல இருக்கற டப்ளினுக்கும் நடுவுல ஒரு ரயில் கம்பெனி ஓட்டிட்டு இருந்த பயணிகள் ஃபெர்ரி, முதல் உலகப்போர்ல பிரான்ஸ்ல அடிபட்டவங்களை இங்கிலாந்துக்கு கொண்டுவர எடுத்துக்கிட்டாங்க. இந்த வேலைக்கு ஃபெர்ரிதான் சரி, வேகமா போகும், லைனர்னு சொல்ற பெரிய பயணிகள் கப்பல் நுழைய முடியாத துறைமுகத்துலயும் போய் நிக்கும். குதிரைல இருந்து விழுந்து அடிபட்ட ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே 1915 நவம்பர் 1ல இதுலதான் ஊர் திரும்பினார்.

நவம்பர் 17, பட்டப்பகல், ஏறக்குறைய 390 காயம்பட்டவங்களோட வந்துட்டு இருந்தப்போ இங்கிலாந்து கரையில இருக்கற ஃபோக்ஸ்டன் பக்கத்துல கண்ணிவெடில மோதிடுச்சு. போட்டது யூசி-5ங்கிற ஜெர்மன் நீர்மூழ்கி, ஒரு தடவைக்கு 12 கண்ணிவெடி தூக்கிட்டு வரும்.

அந்தக் காலத்து கண்ணிவெடி வேலை செய்யற விதம் ரொம்ப சிம்பிள், அதான் பயங்கரமே. உருண்டை மேல கொம்பு மாதிரி ஈயக் குழாய்கள் நீட்டிட்டு இருக்கும், உள்ள கண்ணாடிக் குப்பில அமிலம். கப்பல் இடிச்சா மெல்லிசான ஈயம் வளையும், குப்பி உடையும், அமிலம் கீழ இருக்கற தகடுகள் மேல ஊத்தினதும் அந்த நொடிதான் அது பேட்டரியாவே ஆகும், கரண்ட் டெட்டனேட்டருக்குப் போய் டமார். அதுவரைக்கும் பேட்டரி காய்ஞ்சே கிடக்கறதால எவ்வளவு நாள் தண்ணிக்குள்ள கிடந்தாலும் சார்ஜ் இறங்காது. இதுல பெயின்ட்டைப் பாக்க கண்ணு எங்க இருக்கு?

கேப்டன், கப்பலை ஓட்டற மேல்தளமான பிரிட்ஜ்ல இருந்து கீழ் டெக்ல தூக்கி வீசப்பட்டார். முன்பக்கம் முங்கி பின்பக்கம் தூக்கிடுச்சு, ஆனா ப்ரொப்பல்லர் சுத்திட்டே இருந்துது, அதனால உதவிக்கு வந்த படகுங்க பக்கத்துல வரவே கஷ்டம், ஸ்ட்ரெச்சர்ல கட்டுப்போட்டு படுத்திருந்தவங்களை படி வழியா மேல தூக்கிட்டு வர்றது அதைவிட கஷ்டம். 130 பேருக்கு மேல செத்தாங்க. காப்பாத்த வந்த லூசிடானியாங்கிற சரக்குக் கப்பலும் (மே மாசம் முங்கின பெரிய லைனர் இல்ல, இது வேற) அதே இடத்துல கண்ணிவெடி பட்டு முங்கிடுச்சு, ஒரே எடத்துல ஒண்ணை மட்டும் போட்டுட்டு போக மாட்டாங்கல்ல.

அடுத்த ஏப்ரல்லயே யூசி-5 மணல்திட்டுல தட்டி நின்னு பிரிட்டிஷ்காரங்க கைல மாட்டிச்சு, அதை லண்டன்ல தேம்ஸ் கரைல ஜனங்க வேடிக்கை பாக்க நிறுத்தி வெச்சாங்க.