தீ அணைந்ததும் காரைக் கழுவாதீர்கள்

போன மாதம் மறுபடியும் ஒரு அம்பாஸிடர் எங்கள் ஷெட்டுக்கு டோ ஆகி வந்தது. பானட்டுக்குள் தீப்பிடித்திருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் தீயணைக்கும் பவுடர் சிலிண்டரை எடுத்து வந்து அடித்து அணைத்துவிட்டார், புண்ணியவான். எரிந்தது பெட்ரோல் ட்யூப், ஏர் ஃபில்டர், கொஞ்சம் ஒயரிங், அவ்வளவுதான். அப்படியே கொண்டுவந்திருந்தால் இஞ்சினைப் பிரிக்கவே வேண்டியிருந்திருக்காது. ஆனால் மறுநாள் காலையில் வண்டியை வாட்டர் வாஷுக்குத் தள்ளிக்கொண்டு போய், பானட்டைத் திறந்து பிரஷரில் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பளிச்சென்று ஆனதும் செல்ஃப் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆகவில்லை. கவரைப் போட்டு மூடிவிட்டு, சில வாரம் கழித்துத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினோம். இஞ்சினுக்குள் இரண்டு சிலிண்டர் சுவரில் செம்பழுப்பாகத் துரு. இன்டேக் வால்வைச் சுற்றிக் களிம்பு மாதிரி வெள்ளைப் படிவு. பிஸ்டன் ரிங் பள்ளத்திலேயே இறுகிப்போயிருந்தது. ப்ளக்குகளுக்குக் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால் பித்தளை முனைகள் எல்லாம் பச்சை பூத்திருந்தன. தீ இதில் எதையும் செய்யவில்லை. எல்லாம் அந்தத் தண்ணீரும், அதற்குப் பின் வண்டி சும்மா நின்ற நாட்களும் செய்த வேலை.

இந்த மாதிரி வண்டிகளைப் பார்த்துப் பார்த்து மனது விட்டுப்போகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

“வெறும் பவுடர்தானே சார், கோலமாவு மாதிரி, தண்ணி ஊத்தினா போயிடும்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். போகாது. கடை, அபார்ட்மென்ட், பெட்ரோல் பங்க் என்று நம் ஊரில் மாட்டியிருக்கும் சிலிண்டர்களில் பெரும்பாலானவை ஏபிசி பவுடர். அதில் முக்கியமாக இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். உரக்கடையில் விற்பதும் இதே சரக்குதான். சூடான பரப்பில் பட்டால் சுமார் 190 டிகிரியில் உருகிப் பாகாகி ஒட்டிக்கொண்டு, காற்று புகாமல் மூடிவிடும். மரம், துணி மாதிரிப் பொருட்களில் பிடித்த தீயை அது அணைப்பதே அப்படித்தான். இஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கண்ணாடி பூசியது போல் படிந்திருப்பதும் அதனால்தான். அதுவரைக்கும் நல்லது. ஈரம் பட்டால் அதே பவுடர் அமிலமாகிறது. அலுமினியத்தையும் செம்பையும் அரிக்கும். மெஷினிங் செய்த இரும்புப் பரப்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

நீங்கள் தண்ணீர் அடிக்காவிட்டாலும் சென்னைக் காற்று சும்மா விடாது. வருடத்தில் பெரும்பாலான மாதங்களில் காலை நேர ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் நிற்கும் வண்டிக்கு உப்புக்காற்றும் சேர்த்தி. ஆனால் காற்றின் ஈரம் வேலையைக் காட்ட நாளாகும். பிரஷர் வாஷ் அப்படியில்லை. பவுடர் தானாகப் போயிருக்கவே முடியாத இடத்துக்கெல்லாம் அதைக் கரைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும். டைனமோவுக்குள், செல்ஃப் மோட்டாருக்குள், ஒயரிங் மேல் சுற்றிய டேப்புக்கு அடியில், ப்ளக்குக்குக் கீழே, கிளட்ச் ஹவுசிங்குக்குள். மேலே பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும்.

கரியும் லேசுப்பட்டதல்ல. பழைய ஒயர்களின் பிவிசி உறை எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதனால்தான் தீ போகவே போகாத மூலையில் இருக்கும் போல்ட்டுகூட இரண்டு நாளில் துருவேறி நிற்கிறது.

அப்புறம் அந்த செல்ஃப். பவுடர் அடிப்பவர் தீ தெரியும் இடத்தைப் பார்த்துத்தான் அடிப்பார், அது பெரும்பாலும் காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்ப்பரேட்டரின் வாய். ஏர் ஃபில்டர் எரிந்துபோயிருந்தால் பவுடர் நேராக உள்ளே போயிருக்கும். நீங்கள் செல்ஃப் அடிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் இஞ்சின் அதை சிலிண்டருக்குள் இழுத்துக்கொள்கிறது. தயவுசெய்து சாவியைத் தொடாதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? முதலில் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். தானாக ஆறட்டும், சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். இன்ஷூரன்ஸ் இருந்தால், எதையும் துடைக்கும் முன் போட்டோ எடுத்துவிட்டுத் தகவல் சொல்லுங்கள். கார்ப்பரேட்டர் வாய், சைலென்சர் முனை, டிப்ஸ்டிக் ஓட்டை எல்லாவற்றையும் துணியால் அடையுங்கள். அணைத்த சிலிண்டரின் லேபிளையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். உள்ளே இருந்தது ஏபிசியா, சோடியம் பைகார்பனேட் வகையா என்று தெரிந்தால் எங்கள் வேலை பாதி குறையும்.

சுத்தம் செய்வது முதலில் உலர்ந்த நிலையிலேயே. மாஸ்க் போட்டுக்கொண்டு, பெயின்ட் பிரஷால் தட்டித் தட்டி வேக்குவம் வைத்து உறிஞ்ச வேண்டும். ஏர் அடிக்கக் கூடாது. அது பவுடரை இன்னும் உள்ளே தள்ளும். அதோடு, அந்தக் காலத்து கேஸ்கெட்டிலும் எக்ஸாஸ்ட்டைச் சுற்றிய கவசத்திலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். எரிந்து உதிர்ந்த தூளை ஷெட் முழுக்கப் பறக்கவிட்டால் அங்கே வேலை செய்யும் பையன்களின் நுரையீரல்தான் கெடும். உருகிப் பிசினாகிக் கிடக்கும் ஆயில் சீல், ஓ-ரிங் எதையும் வெறுங்கையால் சுரண்டாதீர்கள். சில சீல்கள் ஃப்ளோரோ ரப்பரால் ஆனவை, அது எரிந்தால் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் தங்கியிருக்கலாம். தோலில் பட்டால் உடனே எரியாமலும் இருக்கலாம், ஆனால் உள்ளே இறங்கிவிடும்.

பிறகு கார்ப்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, செல்ஃப் நான்கையும் இறக்கித் தனித்தனியாகச் சுத்தம் செய்யுங்கள். ப்ளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகச் சின்ன கேமராவை விட்டுப் பாருங்கள். உள்ளே பவுடர் தெரிந்தால் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அதில் குறுக்கு வழி கிடையாது. தெரியவில்லை என்றால் கொஞ்சம் ஆயில் விட்டு, கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் எப்படியும் மாற்றிவிடுங்கள்.

ஈரம் இதற்குப் பிறகுதான், அதுவும் ஏபிசி பவுடராக இருந்தால் வெறும் தண்ணீர் வேண்டாம். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து, பிரஷால் தொட்டுத் தொட்டுத் தேயுங்கள். அமிலம் உள்ள இடத்தில் நுரைக்கும். நுரைப்பது நின்ற பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து, காயவைத்து, அன்றைக்கே மெல்லிய ஆயில் பூசிவிடுங்கள். நாளைக்குப் பூசலாம் என்று விட்டால் நம் ஊரில் காலையில் துரு நிற்கும். அலுமினிய பாகங்களைக் காஸ்டிக் தொட்டியில் போட விடாதீர்கள், கரைந்துவிடும். பிளாக்கைப் புதுசு போல் ஆக்கித் தருகிறேன் என்று யாராவது மணல் அடிக்க வந்தால் வேண்டவே வேண்டாம். மணல் உள்ளே போகும் என்பது ஒன்று, இஞ்சின் நம்பர் தேய்ந்துவிடும் என்பது இன்னொன்று. 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்க நினைப்பவர்களுக்கு அந்த நம்பர் உயிர்.

தீயின் சூடு பட்ட ரப்பர், ஒயரிங், ஸ்பிரிங் மூன்றையும் பார்க்கக்கூட வேண்டாம், மாற்றுங்கள். ஸ்பிரிங் பார்க்க நன்றாக இருக்கும், விறைப்பு போயிருக்கும். கார்ப்பரேட்டர் துத்தநாகக் கலவையாக இருந்தால் 400 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், அது கோணியிருக்கிறதா என்று பாருங்கள். கோணியிருந்தால் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ தேடி வேறொன்று வாங்குவதுதான் வழி. ஹெட்டின் மட்டத்தை லேத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தீ ஏன் பிடிக்கிறது? நான் பார்த்தவரை பெரும்பாலும் பெட்ரோல் ட்யூப். அம்பாஸிடரின் 1489 சிசி பெட்ரோல் இஞ்சினில் கார்ப்பரேட்டருக்கு நேர் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. ட்யூப் கசிந்தால் பெட்ரோல் சொட்டுவது அதன் மேல்தான். 2022-ல் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால், 2023 முதல் 20 சதவீதம் வரத் தொடங்கிவிட்டது. பழைய ரப்பர் அதைத் தாங்காமல் உப்பும், வெடிப்பு விடும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ட்யூப் கேட்டு வாங்குங்கள், ஸ்க்ரூ கிளிப் போடுங்கள். மேனிஃபோல்டுக்கு மேலே தொங்கும் பிளாஸ்டிக் பெட்ரோல் ஃபில்டரை இன்றைக்கே கழற்றி வேறு இடத்தில் மாட்டுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, எரியும் வண்டிக்கு முன்னால் நின்று பவுடர் அடிக்கலாமா வேண்டாமா என்று யாரும் யோசிக்கக் கூடாது. கையில் எது இருக்கிறதோ அதை அடியுங்கள். பானட்டை முழுதாகத் தூக்காமல், லேசாக விட்ட இடுக்கு வழியாக அடியுங்கள். தூக்கினால் காற்று புகுந்து தீ எழும். முதல் சிலிண்டரில் அடங்கவில்லை என்றால் விலகி நின்று 101-க்குப் போன் செய்யுங்கள். புதிதாகச் சிலிண்டர் வாங்குபவர்கள், பவுடர் இல்லாமல் ஆவியாகிவிடும் பொருளால் தீயை அணைக்கும் க்ளீன் ஏஜென்ட் வகை வாங்கினால் படிவே இருக்காது. விலை கூடுதல்தான், ஆனால் இஞ்சின் பிரிக்கும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. அதை டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் போடாமல், டிரைவர் சீட்டிலிருந்து கை எட்டும் இடத்தில் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள்.