ஸ்பிரிங்கை மாற்றுவதற்கு முன் சப்ஃபிரேமைத் தாங்கும் தகட்டைப் பாருங்கள்

டிராக்கில் ஓட்டுவதற்காகக் காரைத் தயார் செய்து தரும்படி எங்கள் பட்டறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர், விலையுயர்ந்த ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் அடங்கிய பெட்டியைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். அவற்றின் விசையைத் தாங்கப்போகும் இரும்புத் தகடு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில், அந்தக் கேள்வியை உரிமையாளர்களே முதலில் கேட்கவேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக, 2000 முதல் 2006 வரை தயாரிக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ இ46 எம்3 காரை எடுத்துக்கொள்வோம். அதன் பின்புற சப்ஃபிரேம், அதாவது பின் சக்கரங்களின் பாகங்களைச் சுமக்கும் தனிச் சட்டம், நான்கு இடங்களில் ரப்பர் புஷ்களின் (அதிர்வை உறிஞ்சும் உருளைகளின்) வழியாக உடற்கூட்டின் தரைத்தகட்டில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியலும் பின் சஸ்பென்ஷன் கைகளும் அந்தச் சப்ஃபிரேமில்தான் பொருந்தியிருக்கின்றன. ஆனால் அதைத் தாங்கும் தரைத்தகடு மெல்லியது. பல அடுக்குகளைப் புள்ளிப் பற்றவைப்பால் ஒட்டிச் செய்யப்பட்டது. எம்3 மட்டுமன்றி இ46 வரிசையின் மற்ற கார்களிலும் இந்தத் தகட்டில் விரிசல் விழுவது உலகெங்கும் அறியப்பட்ட ஒன்று.

ஏன் விரிசல் விழுகிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். இந்த எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 365 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் விகிதம் 4.23, டிஃபரென்ஷியலின் விகிதம் 3.62. இம்மூன்றையும் பெருக்கினால் பின் அச்சில் கிடைப்பது ஏறக்குறைய 5,590 நியூட்டன் மீட்டர். சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் அந்த விசைக்கு எதிர்விசையாக டிஃபரென்ஷியல் தன் மூக்கை மேலே தூக்க முயல்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது சப்ஃபிரேம், சப்ஃபிரேமைப் பிடித்து நிறுத்துவது அந்த மெல்லிய தகடு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் விசை திசை மாறித் தகடு எதிர்ப்பக்கம் வளைகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதுபோல, ஒரு முறை வளைவதால் எதுவும் ஆகாவிட்டாலும், பல்லாயிரம் முறை வளைந்தபின் முதலில் புள்ளிப் பற்றவைப்புகள் விடுபடுகின்றன, பிறகு துளைகளின் ஓரத்திலிருந்து விரிசல் ஓடுகிறது.

இங்கிருந்து பலர் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றுக்குத் தங்கள் காரையே ஓட்டிச்சென்று, 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் சில சுற்றுகள் ஓட்டிவிட்டு, அதே காரில் வீடு திரும்புகிறார்கள். கராசெல் வளைவின் சரிவான கான்கிரீட் பலகைகள் மேல் கார் அழுந்தியபடி செல்லும்போது சஸ்பென்ஷனுக்கு வரும் சுமையும், திரும்பும் வழியில் குண்டும் குழியுமான சாலையில் வரும் அடியும் ஒரே தகட்டில்தான் வந்து சேர்கின்றன. பிடிப்பு மிகுந்த டயரும் கடினமான புஷ்ஷும் மாட்டினால், முன்பு டயரும் ரப்பரும் உறிஞ்சிக்கொண்ட விசையும் உடற்கூட்டுக்கே போகிறது. ஓர் இணைப்பைக் கடினமாக்கினால் சுமை அதற்கு அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிச் செல்லும்; ஆகவே பலப்படுத்தும் வேலையை உடற்கூட்டில் தொடங்கி வெளியே வரவேண்டும், வெளியே தொடங்கி உள்ளே போகக்கூடாது.

தகட்டைச் சோதிப்பதென்றால் லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்ப்பது போதாது. அடிப்பாகத்தில் பூசப்பட்டிருக்கும் தடித்த பாதுகாப்புப் பூச்சு விரிசலை முழுமையாக மறைத்துவிடும். சைலன்சர், டிஃபரென்ஷியல், சப்ஃபிரேம் ஆகியவற்றை இறக்கி, நான்கு பிடிப்புகளைச் சுற்றியும் பூச்சைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பு தெரியும்வரை துடைத்து, விரிசலுக்குள் ஊடுருவி அதைக் காட்டிக்கொடுக்கும் சாயத்தைத் தெளித்துப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும். கிளட்சை விடும்போது பின்னாலிருந்து 'டக்' என்று ஒலி கேட்டால் சந்தேகப்படலாம். ஒலியே இல்லாத கார்களிலும் நான் விரிசல் பார்த்திருக்கிறேன்.

ஏற்கனவே பலப்படுத்தியாகிவிட்டது என்ற உறுதியோடு ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார். கீழிருந்து நான்கு தகடுகள் வைக்கப்பட்டு, அவற்றின் மேல் கறுப்புப் பூச்சும் அழகாக அடிக்கப்பட்டிருந்தது. பூச்சைச் சுரண்டியபோது, ஒரு தகட்டின் ஓரத்திலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல் வெளியே வந்திருந்தது. பழைய விரிசலின் முனையில் துளையிடாமல், அதன் மேலேயே தகட்டை வைத்து மூடியிருக்கிறார்கள். முனையில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் துளையிட்டால் அங்கே குவியும் அழுத்தம் பரவிவிடும். அதன்பின் விரிசலைப் பற்றவைத்துத் தேய்த்துச் சமன்செய்த பிறகே மேல்தகடு வைக்கவேண்டும். பணம் கொடுத்தவருக்கு இது தெரிய வழியே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தமளித்தது. எந்தப் பட்டறையில் கொடுத்தாலும், சுரண்டிய நிலை, பற்றவைத்த நிலை, பூச்சுக்கு முந்தைய நிலை ஆகிய மூன்றுக்கும் புகைப்படம் கேட்டு வாங்குங்கள்.

டிராக்கில் அடிக்கடி ஓடும் காருக்குக் கீழ்த்தகடு மட்டும் போதும் என்று நான் சொல்வதில்லை. சப்ஃபிரேம் போல்ட் உண்மையில் பிடித்துக்கொண்டிருப்பது பெட்டிபோன்ற அறையின் உட்புறத்தை. அந்த அறையின் மேல்பகுதிக்குத் துணை இல்லாவிட்டால் அது தொடர்ந்து அசையும். எனவே டிக்கியின் தரையைத் திறந்து, முன்பிடிப்புகளை மேலிருந்து ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைத்து, இருபுற நீளச்சட்டங்களோடு சேர்க்கிறோம்.

இந்தக் காரில் பெட்ரோல் டாங்க் பின் இருக்கைக்கு அடியில், வேலை நடக்கும் இடத்தை ஒட்டியே இருக்கிறது. பேட்டரி டிக்கியில் இருக்கிறது. டாங்கை இறக்காமல், பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் பற்றவைக்க முன்வருபவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால் தகடு நெளிந்து பிடிப்புத் துளைகள் இடம் மாறிவிடும் என்பதால், சிறுசிறு இழைகளாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டுப் பற்றவைக்க வேண்டும். வெப்பம் பட்ட உட்புறத்தில் துருத் தடுப்பு மெழுகைச் செலுத்தாவிட்டால், குளிர்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பு உள்ளிருந்தே அரித்துவிடும். கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்க இங்கே ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில், சஸ்பென்ஷன் பிடிப்புகளிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் கடுமையான துருவோ முறிவோ இருந்தால் கார் தேறாது.

உடற்கூடு உறுதியான பிறகே புஷ்கள். சப்ஃபிரேமுக்கு அலுமினியப் புஷ் போடலாம். ஆனால் பின் சக்கரத்தை முன்பக்கமாக உடற்கூட்டோடு இணைக்கும் கையான டிரெய்லிங் ஆர்ம் பல தளங்களில் திரும்பும் உறுப்பு. அதற்குக் கடினமான பாலியூரித்தேன் போட்டால் இயக்கம் இறுகிக்கொள்ளும். சாலையில் அதிகம் ஓடும் காருக்குப் புதிய ரப்பர் புஷ்ஷும் பக்கவாட்டு அசைவைக் குறைக்கும் தட்டுகளும் போதுமானவை.

ஸ்பிரிங் தேர்வில் எண்களைத் தவறாகப் புரிந்துகொள்வது வழக்கம். ஒரு மூலையில் 350 கிலோ தாங்கும் காரின் இயல்பு அதிர்வெண், அதாவது ஸ்பிரிங் மேல் அது நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்கும் என்பது, 1.5 ஹெர்ட்ஸாக இருக்கவேண்டுமெனில் சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 31 நியூட்டன் விறைப்பு வேண்டும். அதை 2 ஹெர்ட்ஸாக உயர்த்தினால் 55 நியூட்டன் ஆகிவிடும். ஸ்பிரிங் சக்கரத்தின் அசைவில் 0.7 பங்கு மட்டுமே அசையும் இடத்தில் இருந்தால், அந்த 55-ஐ 0.7-இன் வர்க்கத்தால் வகுக்கவேண்டும். அப்போது ஸ்பிரிங்கின் விறைப்பு 112 ஆகும். குழியும் மேடுமான சாலையில் தினமும் ஓட்டப்போகிறவர்களை 2 ஹெர்ட்ஸைத் தாண்டவேண்டாம் என்றே வற்புறுத்துகிறேன். டயர் தரையில் படியாமல் துள்ளும் கார் வேகமாகவும் இராது.

பின்புறத்தில் ஸ்பிரிங்கை ஷாக் அப்சார்பர் மேலேயே மாட்டும் அமைப்பைக் கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. இ46-இல் பின் ஸ்பிரிங் கீழ்க்கையின் மேல் தனியாக அமர்ந்திருக்கிறது. ஷாக் அப்சார்பரின் மேற்பிடிப்பு காரின் எடையைத் தாங்குவதற்காக வடிவமைக்கப்படவில்லை. இடம் மாற்றினால், கார் நின்றுகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 3,400 நியூட்டன் அந்தத் தகட்டில் ஏறும். அங்கேயும் பலத்தகடு பற்றவைக்காமல் அந்த அமைப்பை நான் மாட்டித் தருவதில்லை. முன்புற ஷாக் அப்சார்பர்களின் மேல்முனை பொருந்தும் கோபுரங்கள் மேல்நோக்கிப் புடைப்பதைத் தடுக்கும் தகடுகள் மலிவானவை; மாட்டிவிடுங்கள்.

செய்த மாற்றங்கள் அனைத்தையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வேலை முடிந்ததும் சக்கரக் கோணங்களை அளந்து, சப்ஃபிரேம் போல்ட் ஒவ்வொன்றிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டுத் தருகிறோம். முதல் டிராக் நாளுக்குப் பின் காரைக் கொண்டுவரும்போது, கோடு விலகியிருந்தால் அந்தப் போல்டை வெறுமனே மறுபடி இறுக்குவதோடு விடாமல், சப்ஃபிரேமை இறக்கித் தகட்டை மீண்டும் சோதிக்கிறோம்.