மினிபிகருக்குத் தமிழில் என்ன பெயர்?

ஹட்டன் டவுனில் பேன்சி கடையில் "நருட்டோ லெகோ ஆள் இருக்கா?" என்று கேட்டாலே போதும், எடுத்துக் காட்டிவிடுவார்கள். நருட்டோ என்பவன் ஜப்பான் அசைபடமான அனிமே ஒன்றின் நாயகன், கேட்பது அவனுடைய மினிபிகர், அதாவது விளையாட்டுக் கட்டைகளோடு பொருந்தும் சின்ன ஆள் உருவம். தோட்டத்துப் பிள்ளைகள் வாயில் 'லெகோ ஆள்' அல்லது 'லெகோ பொம்மை'. ஆனால் லெகோ ஒரு நிறுவனத்தின் பெயர், அந்த மாதிரி உருவங்களை வேறு பலரும் செய்கிறார்கள். பொருளுக்கென்று ஒரு பெயர் வேண்டும்.

மினிபிகர் என்பது டென்மார்க்கின் லெகோ நிறுவனத்தால் பரவிய சொல். 1978இல் யென்ஸ் நைகார்ட் க்னுட்சன் வடிவமைத்த, ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் உயரமுள்ள, தலை, உடல், கால் என்று தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய ஆள் உருவம் அது. உச்சந்தலையில் ஒரு குமிழ் இருக்கும், முடியோ தொப்பியோ அதில்தான் பொருந்தும். கால்களின் அடியில் உள்ள குழிகள் கட்டைகளின் குமிழ்களில் போய் உட்காரும். அனிமே உருவங்களுக்கு இந்த முடிதான் உயிர்: நருட்டோவின் கூரிய மஞ்சள் முடியைக் கழற்றிவிட்டால், கன்னத்துக்கு மூன்றாக உள்ள கோடுகளை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மினி என்பது மினியேச்சரின் சுருக்கம். அதன் மூலம் இலத்தீன் 'மினியும்', அதாவது செந்தூரம் போன்ற ஒரு சிவப்பு நிறப்பொருள். அதைக்கொண்டு ஏடுகளை அலங்கரித்தார்கள், அந்த ஏட்டுப் படங்கள் சிறியவை, அப்படித்தான் 'சிறியது' என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. பிகர் என்பது 'பிகுரா', உரு. நம் இளைஞர் பேச்சில் பிகர் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு அந்தச் சொல் வேண்டவே வேண்டாம்.

சரி, தமிழில்? பொம்மை என்றால் கரடிப் பொம்மையும் அதில் அடங்கிவிடும். சிற்றுரு சரியான சொல்தான், ஆனால் கடையில் யாரும் அப்படிக் கேட்கப் போவதில்லை. நான் சொல்வது கட்டைப்பாவை. குறளில் (1020) கயிற்றால் ஆடும் மரப்பாவை வருகிறது, தோலில் செய்து ஆட்டினால் தோல்பாவை, அந்த வரிசையில் கட்டைகளோடு பொருந்துவது கட்டைப்பாவை. கட்டை என்றால் குட்டை என்றும் பொருள் உண்டே, "கட்டையான ஆள்" என்கிறோம், இந்த உருவமும் அப்படித்தான் குட்டைக் காலும் அகன்ற உடலுமாக நிற்கிறது. பாவை பெண்ணைத்தானே குறிக்கும் என்பார்கள். தோல்பாவைக் கூத்தில் இராவணனும் பாவைதான்.

அனிமேயை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். ஜப்பானியர் அனிமேஷன் என்பதைச் சுருக்கி அனிமே ஆக்கினார்கள், அவர்களுக்கு அது எல்லா அசைபடங்களையும் குறிக்கும், வெளியில் உள்ள நமக்கு ஜப்பான் அசைபடம் மட்டும். காமன் கூத்தை வேறு நாட்டார் காமன் கூத்து என்றே சொல்ல வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதுபோல அவர்கள் கலைக்கும் அவர்கள் பெயரே இருக்கட்டும். அனிமி, அனிமை என்று எழுதுவது மட்டும் தவறு. அப்புறம், ஜப்பானில் 'பிகியுவா' என்று விற்பது பெரும்பாலும் பீடத்தில் நிற்கும் சிலை போன்றது, அது கட்டைப்பாவை ஆகாது, அனிமே சிலை என்று சொன்னால் போதும்.