மூன்று மீட்டர் நகர்த்திவிட்டு அணைக்காதீர்கள்

பக்கத்து வீட்டு வண்டி வெளியே போக வேண்டும். காரை ஸ்டார்ட் செய்து மூன்று மீட்டர் பின்னால் எடுத்து, உடனே அணைத்துவிடுகிறார்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரி சாகும்வரை சாவியைத் திருப்பிவிட்டு, ரெக்கவரி லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். கூடவே ஒரு வரி: "இன்ஜின் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்." மஸ்டா ஆர்எக்ஸ்-8ஐத் தெரிந்த இங்கிலாந்துப் பட்டறைகளில் குளிர்காலம் முழுக்க இதே கதைதான்.

இன்ஜின் போகவில்லை, பெட்ரோலில் குளித்திருக்கிறது. இந்தக் காரில் இருப்பது ரோட்டரி இன்ஜின்: பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும், அவற்றின் விளிம்பில் உள்ள சீல்கள்தான் காற்றைப் பிடித்துவைக்கும். அது குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் ஆகும்போது நிறைய பெட்ரோல் போகும். சூடேறுவதற்குள் அணைத்தால் அந்தப் பெட்ரோல் உள்ளேயே தங்கி, சீல்களின் மேல் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எண்ணெய் இல்லாத சீல் காற்றைப் பிடிக்காது, காற்று இறுகாது, அதாவது கம்ப்ரெஷன் வராது. கையால் தள்ளி நகர்த்துங்கள். ஸ்டார்ட் செய்தே தீரவேண்டுமென்றால், வெப்பமுள் நடுவுக்கு வந்து நிற்கும்வரை ஓடவிட்டு அணையுங்கள். பத்து நிமிட வேலை.

நனைந்தே விட்டதா? பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றுங்கள். ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தபடி பத்து விநாடி சுற்றவிடுங்கள். அப்படி மிதித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். சிறிது ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடியும். அதற்கும் மசியாவிட்டால் நான்கு பிளக்குகளையும் கழற்றிக் காயவைத்து, ஒவ்வொரு ரோட்டருக்கும் ஐந்து மில்லி ஆயில் விட்டு, பெட்ரோலைத் துண்டித்துவிட்டுச் சுற்றவிட்டு, பிளக்கைத் திரும்ப மாட்ட வேண்டும். புகை தெருவையே மறைக்கும், பயப்பட வேண்டாம். இன்னொரு காரில் கட்டி இழுத்து மட்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எரியாத பெட்ரோல் அத்தனையும் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய்ச் சேரும்.

இனி, எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். "வாங்குறதுக்கு முன்னாடி கம்ப்ரெஷன் பார்த்தாச்சு, மெக்கானிக் நல்லா இருக்குன்னு சொன்னார்." எந்த அழுத்தக் கேஜில் பார்த்தார்? எல்லாக் கார்களுக்கும் போடும் அதே கேஜில். அது இந்த இன்ஜினில் பொய் சொல்லும். பிஸ்டன் இன்ஜினில் ஒரு துளை, ஒரு சிலிண்டர், ஒரு எண். இங்கே ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அதே பிளக் துளையைக் கடந்து போகின்றன. சாதாரணக் கேஜில் காற்று திரும்பி வராதபடி ஒரு வால்வு இருக்கும். அதனால் மூன்றில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு காட்டும். ஒரு முகம் நன்றாக இருந்து மற்ற இரண்டும் செத்திருந்தாலும் முள் கம்பீரமாக நிற்கும். அந்த எண்ணை நம்பித்தான் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள்.

தேவைப்படுவது ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர். அது மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டும், இன்ஜின் எந்த வேகத்தில் சுற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்லும். வேகம் ஏன் முக்கியம்? பேட்டரி பலமாக இருந்தால் எண் ஏறும், ஸ்டார்ட்டர் மோட்டார் தளர்ந்திருந்தால் இறங்கும். அதனால் எல்லாவற்றையும் நிமிடத்துக்கு 250 சுற்றுக்குக் கணக்கிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். அந்த வேகத்தில் புது இன்ஜின் 8.3 பார் அழுத்தம் கொடுக்கும். மஸ்டா வைத்த கீழ் எல்லை 6.8. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 1.5 பாருக்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 1 பாருக்கு மேலும் வித்தியாசம் கூடாது. விற்பவர் காட்டும் தாளில் ஆறு எண்களும் வேகமும் இல்லையென்றால் அது வெறும் தாள்.

டெஸ்டர் கிடைக்காத இடத்தில் ஏழைக்கேற்ற சோதனை ஒன்று உண்டு. பிஸ்டன் காரை வாங்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போம். இதில் தலைகீழ். நன்றாகச் சூடேற ஓட்டி, அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடிக்க வேண்டும். ஐந்து விநாடி சுற்றிச் சுற்றி, முனகிக்கொண்டு பிடித்தால் சீல் தேய்ந்துவிட்டது. குளிரில் ஒழுங்காகப் பிடிக்கிறது என்பது ஆறுதல் ஆகாது. கம்ப்ரெஷன் குறைந்த ரோட்டரியும் குளிரில் பிடிக்கும்.

சீல் அவ்வளவு சீக்கிரம் தேய்வதற்குப் பெரும்பாலும் காரணம், சுமார் 50,000 கிலோமீட்டரில் மாற்றியிருக்க வேண்டிய, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்கள். நான்கு காயில், நான்கு பிளக். காயில் தளர்ந்தால் பெட்ரோல் முழுக்க எரியாமல் வெளியேறி கன்வர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். புகை போக வழியில்லாமல் வெப்பம் திரும்பி இன்ஜினுக்குள் ஏறும். அப்புறம் சீல் எங்கே பிழைக்கும்? கார் லேசாகத் திக்குகிறது, பரவாயில்லை என்று மூன்று மாதம் ஓட்டுபவர்கள் மூன்று செலவையும் சேர்த்தே கட்டுகிறார்கள். பிளக் வாங்கும்போது கவனம்: லீடிங், டிரெயிலிங் என இரண்டு வகை, ஒரே மாதிரி நான்கு வாங்கக் கூடாது. என்ஜிகேயில் ஆர்இ7சி-எல் இரண்டு, ஆர்இ9பி-டி இரண்டு. காயில், பிளக், வயர் எல்லாம் சேர்ந்தாலும் இன்ஜினைப் பிரித்துக் கட்டும் செலவில் சிறு பங்குதான். அந்தப் பெரிய செலவோ பல சமயம் காரை வாங்கிய விலையையே தாண்டும்.

ஆயில் குறைவது நோய் இல்லை. சீல்களுக்கு உயவு வேண்டுமென்று இன்ஜினே ஆயிலை உள்ளே தெளிக்கிறது. ஒவ்வொரு இரண்டாவது பெட்ரோல் நிரப்பலுக்கும் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். சர்வீஸ் வரை காத்திருந்தால் கோலின் நுனியில்கூட ஆயில் இருக்காது. மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் அநேகமாகக் குளிரில் வியர்த்த ஈரம்தான். அதைப் பார்த்து "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்று சொல்கிற மெக்கானிக்கிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இந்த இன்ஜினுக்கு ஹெட்டே கிடையாது.

பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது பற்றி முடிவில்லாத சண்டை நடக்கிறது. 50 லிட்டருக்கு 200 மில்லி கலப்பவர்களின் பக்கம்தான் நான்.

வெப்பமுள்ளை நம்பாதீர்கள். வெப்பம் ஏறினாலும் நீண்ட நேரம் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அது அசைவதற்குள் உள்ளே கூலன்ட் சீல் வெந்திருக்கும். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ரீடர் ஒன்றைச் செருகி எண்ணைப் பாருங்கள். 105 டிகிரியைத் தொட்டால் ஓரங்கட்டி அணையுங்கள். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி இந்த வயதில் விரிசல் விடும். கூலன்ட் அளவு சென்சாரும் கெட்டுப்போய்ச் சும்மாவே விளக்கெரியும், அதனால் நிஜமாகக் குறையும்போதும் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. சென்சாரை மாற்றிவிடுங்கள், தயவுசெய்து.

மற்றவை சில்லறை: கிளட்ச் பெடலைத் தாங்கும் தகட்டில் வெல்டிங் விடும், சஸ்பென்ஷனில் டிராப் லிங்க் கடகடக்கும். துரு மட்டும் சில்லறை இல்லை. பின் சக்கர வளைவையும் கதவுக்கு அடியில் உள்ள சில்லையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். எம்ஓடி எனும் பிரிட்டனின் வருடாந்திரத் தகுதிச் சோதனையில் கார் தோற்பது அங்கேதான்.

கடைசியாகப் பதிவுத் தேதி. 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான கார் என்றால் பிரிட்டனில் புகை அளவை வைத்துப் போடும் சாலை வரி கே பிரிவோடு நிற்கும். அன்றிலிருந்து பதிவானவை, 231 குதிரைத்திறனோ 192 குதிரைத்திறனோ, எம் பிரிவுக்குப் போய்விடும். வரி ஆண்டுக்கு 700 பவுண்டைத் தாண்டும். ஒரே நிறம், ஒரே மாடல், ஒரு மாத இடைவெளி. விலை பேசும் முன் பதிவுப் புத்தகத்தில் அந்த ஒரு வரியைப் படியுங்கள்.