பாசியைக் கழுவும் முன் எழுதி வையுங்கள்

மலேசியாவின் பீடோரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஓர் ஆசிரியை பிளாஸ்டிக் பையோடு என்னைப் பார்க்க வந்தார். "பிள்ளைங்க சேர்த்த பாசி சார். பிரஷ் போட்டு நல்லா கழுவி வெயில்ல காய வெச்சோம். உங்க காப்பகத்துல வெச்சுக்குவீங்களா?" என்று கேட்டார். பைக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு பிடி தூள்தான் இருந்தது. எங்கே எடுத்தது என்று கேட்டேன். "தோட்டத்துலதான்" என்றார். எந்தத் தோட்டம், மரத்திலா மண்ணிலா, எந்தத் தேதியில் என்று எதுவும் யாருக்கும் நினைவில்லை. உலர்த்திய செடிகளைச் சேர்த்துவைக்கும் தாவரக் காப்பகத்தில் மாதிரிகளைத் தயார் செய்வதுதான் என் வேலை. அந்தப் பையை வாங்கிக்கொள்ள முடியவில்லை என்பது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

நம் பேச்சில் குளத்து வழுக்கலும் பாசிதான், சுவரில் படர்ந்த பச்சையும் பாசிதான். மலாயிலும் இரண்டுக்கும் 'லுமுட்' என்ற ஒரே சொல்தான். நான் இங்கே சொல்வது மாஸ் என்ற சிறு செடியை. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால் தண்டும் இலையும் தனித்தனியாகத் தெரியும். அதற்காகக் கேமரன் மலை ஏற வேண்டியதில்லை. தோட்டத்துச் செம்பனை மரமே போதும். மட்டையை வெட்டிய பிறகு அதன் அடிப்பாகம் மரத்தோடு தங்கிவிடும். அந்த இடுக்கில் வெளிறிய பச்சையில், தடித்த இலைகளோடு மெத்தை போல வளர்வது ஆக்டோபிளெஃபாரம் ஆல்பிடம். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு எட்டு இமை என்று பொருள். வித்துப்பையின் வாயில் எட்டுப் பற்கள் இருப்பதால் வந்த பெயர்.

அதே மரத்தில் காலிம்பெரிஸ் என்ற இன்னொன்றும் இருக்கும். காய்ந்தால் இலை சுருண்டுகொள்ளும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கண்ணெதிரே மெல்ல விரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. சில இலைகளின் நுனியில் பச்சைத் துகள்கள் பந்து போல ஒட்டிக்கொண்டிருக்கும். அவை உதிர்ந்து புதுச் செடியாக முளைக்கும். இனத்தை அடையாளம் காணவும் அந்த நுனிதான் உதவும். பல் துலக்கும் பிரஷால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் முதலில் போவது அதுதான்.

அதனால் சுத்தம் செய்வதில் நிதானம் வேண்டும். மரப்பட்டையில் வளர்ந்ததைக் கழுவவே வேண்டாம். தூசியையும் சருகையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, சிறு பட்டைத் துண்டை அப்படியே விட்டுவிடுங்கள். எதன்மேல் வளர்ந்தது என்பதற்கு அதுவே சாட்சி. மண்ணில் வளர்ந்ததை மட்டும் கழுவ வேண்டும். மண் இருந்தால் காய்ந்த பிறகு ஒவ்வொரு முறை மாதிரி இருக்கும் பொட்டலத்தைத் திறக்கும்போதும் மணல் உரசி இலையை நொறுக்கும். அகலமான கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, டீ வடிகட்டியில் பாசியை வைத்து மெதுவாக முக்கி எடுங்கள். குழாயடியில் நேராகப் பிடிக்காதீர்கள். காம்பின் நுனியில் இருக்கும் வித்துப்பையின் தொப்பி தண்ணீர் வேகத்தில் கழன்றுவிடும். ஏற்கெனவே கழன்றிருந்தால் ஒரு சின்னக் காகித மடிப்பில் போட்டு உள்ளேயே வையுங்கள். ஒரே பிடியில் இரண்டு மூன்று இனங்கள் கலந்திருப்பது சகஜம். ஈரமாக இருக்கும்போதே பிரித்தால் உடையாது.

அப்புறம், லேசாக ஒற்றி எடுத்து, நாளிதழ்மேல் பரப்பி, நிழலில் காற்றாடிக்குக் கீழே காயவிடுங்கள். வெயிலும் அடுப்புச் சூடும் வேண்டாம், இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் தாளைத் தினமும் மாற்றுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் போட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரமே பூஞ்சை வந்துவிடும்.

பூச்செடி போல இதை அட்டையில் ஒட்டுவதில்லை, காகிதப் பொட்டலத்தில் வைக்கிறோம். கோயிலில் விபூதி மடித்துத் தருவார்களே, கிட்டத்தட்ட அந்த மடிப்புத்தான். அமிலமில்லாத தாளாக இருந்தால் நல்லது. மேல் மடிப்பில் தோட்டத்தின் பெயர், எத்தனையாவது பிளாக், கடல்மட்டத்திலிருந்து உயரம், எதன்மேல் வளர்ந்தது, தேதி, எடுத்தவர் பெயர், மாதிரியின் எண் எல்லாவற்றையும் எழுதுங்கள். பென்சில் போதும், தண்ணீர் பட்டாலும் அழியாது. இதைக் கழுவிய பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பறித்த இடத்திலேயே நின்று எழுதுங்கள்.

கடைசியாக, நன்றாகக் காய்ந்த பொட்டலத்தை மட்டும் பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். புத்தகப்பேன் போன்ற பூச்சிகள் சாகும். வெளியே எடுத்ததும் பிரிக்க வேண்டாம். பை அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். இல்லாவிட்டால் வேர்த்து ஈரமாகிவிடும்.

தோட்டத்தில் எடுக்க மேனேஜரிடம் கேளுங்கள். காப்புக்காட்டில் எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். செம்பனையைச் சுமார் 25 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்வார்கள். மரத்தோடு அதன்மேல் இருந்ததும் போய்விடும். உங்கள் தோட்டத்தில் மறுநடவுக்குக் குறித்திருக்கும் பிளாக் எது என்று தோட்ட அலுவலகத்துக் கிராணியிடம் கேட்டு, முதலில் அங்கே போங்கள். அந்த ஆசிரியையிடமும் இதைத்தான் சொன்னேன். அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகப்போகிறோம், பென்சிலும் தாளும் கையுமாக.