வீல் ஆஃப்செட்: ‘சக்கர ஈடு’ அல்ல, தள்ளளவு

‘சக்கர ஈடு 45 மி.மீ.’ என்கிறது ஒரு அலாய் வீல் குறிப்பு. ‘நேர்மறை ஈடுசெய்தல் கொண்ட சக்கரங்கள்’ என்கிறது இன்னொன்று. விளம்பரம், காணொளியின் கீழே ஓடும் தமிழ் வரி, மொழிபெயர்ப்புச் செயலி என்று எங்கே பார்த்தாலும் ஆஃப்செட் என்றால் ஈடு. எது எதற்கு ஈடு? அந்த 45 மில்லிமீட்டர் எந்த நட்டத்தைக் கட்டுகிறது? ஒன்றையும் கட்டவில்லை. அது ஒரு தூரம். டேப் வைத்து அளக்கக்கூடிய வெறும் தூரம்.

ஆங்கிலத்தில் ‘ஆஃப்’, ‘செட்’ என்ற இரண்டு சொற்கள் ஒட்டிப் பிறந்தது இது. ஓரிடத்திலிருந்து விலக்கி வைத்தது என்பது அடிப்படைப் பொருள். தாய்ச்செடியின் பக்கத்தில் கிளம்பும் கன்றுக்கும் அதே பெயர், சுவரின் கனம் குறையும் இடத்தில் விடும் படிக்கும் அதே பெயர். கணக்கில் பற்றுக்கு எதிரே வரவை வைத்துக் கழிப்பதற்கும் அந்தச் சொல் போனது. அச்சுத்தொழிலில் தகட்டிலிருந்து ரப்பர் விரிப்புக்கும் அங்கிருந்து தாளுக்கும் உரு மாறுவதைக் குறித்தது. அச்சுக்காரர்கள் அதற்கு ‘மறுதோன்றி’ என்று அருமையான சொல்லைச் செய்தார்கள். வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்தார்கள், அதனால் நின்றது. சக்கரத்துக்குப் பெயர் வைத்தவர்கள் சக்கரத்தைப் பார்க்கவில்லை. அகராதியில் கணக்குப் பொருள் முதலில் கிடந்தது, அதை எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

ஒரு அலாய் வீலைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டு, ஆரத்தின் (ஸ்போக்கின்) பின்பக்கம் படிந்திருக்கும் பிரேக் தூசியைத் துணியால் துடைத்தால் வார்ப்பிலேயே எழுத்து தெரியும்: 16×7ஜே ஈ.டி.45. பதினாறு அங்குல விட்டம். டயரின் ஓரம் உட்காரும் இரண்டு படிகளுக்கு நடுவே ஏழு அங்குல அகலம். ‘ஜே’ என்பது ரிம் விளிம்பின் வடிவம். ‘ஈ.டி.’ ஆங்கிலமே அல்ல, ‘ஐன்பிரெஸ்டீஃபெ’ என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். உள்ளே அழுத்திய ஆழம் என்று பொருள். இரும்புச் சக்கரத்தில் ரிம் வளையம் தனி, நடுவில் இருக்கும் டிஸ்க் தனி. வளையத்துக்குள் டிஸ்க்கை அழுத்திப் பற்றவைப்பார்கள். எவ்வளவு ஆழத்தில் நிறுத்துகிறார்களோ அதுதான் ஈ.டி. ஒரே வார்ப்பாக வரும் அலாயிலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. ஜெர்மன்காரர் வைத்த பெயரில் ஈடும் இல்லை, இழப்பீடும் இல்லை, ஆழம்தான் இருக்கிறது.

அளவு இதுதான்: ரிம்மின் அகலத்தை நடுவில் வெட்டும் கோட்டுக்கும், ஹப்பில், அதாவது சக்கரத்தை மாட்டும் அச்சுத்தலையில், உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம். அந்த முகத்தைச் சில குறிப்புகள் ‘ஏற்றும் மேற்பரப்பு’ என்கின்றன. எதை ஏற்றுகிறார்கள்? ‘ஹப்ல உட்காருற இடம்’ என்றுதான் பட்டறையில் சொல்கிறார்கள். எழுத்தில் ‘அமர்முகம்’ போதும்.

கையால் அளக்க முடியாததல்ல. சக்கரத்தை முகம் கீழாகச் சாக்கின்மேல் போட்டு, மேலே வந்த உள்விளிம்பின் குறுக்கே நேரான இரும்புப் பட்டையை வையுங்கள். பட்டையின் அடியிலிருந்து அமர்முகம் வரை அளந்தால் 146 என்று வைத்துக்கொள்வோம். பிறகு விளிம்பு முதல் விளிம்பு வரை மொத்த அகலம். ஏழு அங்குல ரிம்முக்கு இது ஏறக்குறைய 203 வரும், ஏனென்றால் எழுதியிருக்கும் 7 டயர் உட்காரும் அகலம், விளிம்புகளின் கனம் அதில் சேராது. 203இல் பாதி 101.5. அதை 146இல் கழித்தால் 44.5. வார்ப்பில் 45 என்று இருக்கும். எழுதியிருக்கும் அகலத்தையே பாதியாக்கிக் கணக்கிட்டால் 12 மி.மீ.க்கு மேல் பிசகும்.

இப்போது சொல்லுக்கு வருவோம்.

ஈடு நல்ல தமிழ்ச்சொல். நட்ட ஈடு, ஈடுகட்டுதல், ஈடு இணையற்றது, அடகுக்கு ஈடாக வைத்த நகை, ஒரு ஈடு இட்லி. இவற்றில் எதிலாவது ‘நடுவிலிருந்து விலகி இருக்கும் தூரம்’ என்ற பொருள் ஒட்டுகிறதா? ஒட்டவில்லை. கரிமத்துக்கு ஈடுசெய்தல் என்பது சரி, அங்கே ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று நடக்கிறது. சக்கரத்தில் அப்படி எதுவும் இல்லை. ‘ஈடு கூடுதல்’ என்று படிப்பவர் அகல டயரின் பாதிப்பை அது சமன்செய்கிறது, ஆகவே கூடக்கூட நல்லது என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் தேவைக்கு மேல் கூடினால் டயரின் உட்பக்கம் ஸ்ட்ரட்டில், அதாவது சக்கரத்துக்கு உள்பக்கம் நிற்கும் சஸ்பென்ஷன் தண்டில், உரசும். தவறான சொல் தவறான பொருளை வாங்க வைக்கிறது, அதுவும் நான்கு சக்கர விலையில்.

‘விலகல்’ என்பவர்கள் இன்னொரு கூட்டம். ஈட்டைவிட மேல்தான், ஆனால் அதுவும் பொருந்தாது. திட்ட விலகல், ஒளிவிலகல் என்று அந்தச் சொல் ஏற்கெனவே வேலை பார்க்கிறது. தவிர, விலகல் என்றால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்ற குறை தொனிக்கும். பள்ளத்தில் விழுந்து ரிம் வளைந்து ஆட்டம் கண்டால் அதை விலகல் என்று சொல்லலாம், அது பழுது. ஈ.டி. பழுதல்ல, வடிவமைத்தவர் வேண்டுமென்றே வைத்தது. ‘மையவிலகல்’ இன்னும் மோசம், துளை மையத்தில் இல்லாத சக்கரம் என்றே பொருள்படும். ‘இடப்பெயர்ச்சி’ என்றால் ஏதோ நகர்ந்தாக வேண்டும், இங்கே நகர்வதில்லை.

எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்வது ‘நேர்மறை’, ‘எதிர்மறை’. பாசிட்டிவ் என்றால் அமர்முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்பக்கம், அதாவது சக்கரம் காருக்கு உள்ளே போகிறது. நெகட்டிவ் என்றால் சக்கரம் வெளியே துருத்துகிறது. ஆங்கிலத்திலேயே இது ஆளைக் குழப்பும். தமிழில் நேர்மறை என்றதும் நல்லது, எதிர்மறை என்றதும் கெட்டது என்ற வாடை வேறு சேர்கிறது. ஜப்பானியர் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டார்கள். ஆஃப்செட்டைக் கைவிட்டு இன்செட், அவுட்செட், ஜீரோசெட் என்று திசையைப் பெயரிலேயே வைத்தார்கள். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

அதற்கான வேர் நம் வாயிலேயே இருக்கிறது. ‘வீடு ரோட்டிலிருந்து பத்தடி தள்ளி இருக்கு.’ ‘வீல் வெளியே தள்ளி நிக்குது.’ யாரும் சொல்லிக்கொடுக்காமல் மெக்கானிக் சொல்வது இது. தள்ளி இருக்கும் அளவு தள்ளளவு. ரிம் உள்ளே தள்ளியிருந்தால் உள்தள்ளளவு, வெளியே தள்ளியிருந்தால் வெளித்தள்ளளவு, தள்ளாமல் நடுவில் இருந்தால் சுழி. எதிலிருந்து தள்ளி? அமர்முகத்திலிருந்து. ஆங்கில வரையறை நடுக்கோட்டில் நின்று முகத்தைப் பார்க்கிறது. ஆனால் வண்டியில் மாறாதது ஹப், அங்கே நின்றுதான் பார்க்க வேண்டும். ஈ.டி.45 என்றால் உள்தள்ளளவு 45. ஈ.டி.க்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் வெளித்தள்ளளவு. குறியை மனப்பாடம் செய்யும் வேலை ஒழிந்தது.

இந்தச் சொல்லை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6ஜே, உள்தள்ளளவு 45 இருந்த காரில் 7ஜே, உள்தள்ளளவு 35 போடுகிறோம். அகலம் 25.4 மி.மீ. கூடுகிறது, பக்கத்துக்கு 12.7. தள்ளளவு 10 குறைந்ததால் சக்கரம் 10 வெளியே வருகிறது. வெளிப்பக்கம் 12.7 கூட்டல் 10, ஆக 22.7 மி.மீ. துருத்தும். உட்பக்கம் 12.7 கழித்தல் 10, வெறும் 2.7 மட்டுமே உள்ளே போகும். ஸ்ட்ரட் தப்பியது, சக்கரத்தின் மேல் வளைந்திருக்கும் ஃபெண்டர் தகடு மாட்டியது. ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏற்றி வேகத்தடையில் இறக்கும்போது டயரின் தோள் ஃபெண்டர் மடிப்பில் உரசும். அதனால் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, வண்டியில் பாரம் ஏற்றிய பிறகே உரசல் பார்க்க வேண்டும். ஜாக்கில் தொங்கும் சக்கரத்தைப் பார்த்துச் சரி என்பது சரியல்ல.

உரசாவிட்டாலும் விளைவு உண்டு. ஸ்டியரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் மாறிவிடும். பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் கையில் உதைக்கும், ஒரு பக்கம் தண்ணீர் தேங்கிய சாலையில் பிரேக் பிடித்தால் இழுக்கும். ஹப் பேரிங்கின் இரு வரிசைகளுக்கும் பகிர்ந்திருந்த சுமை ஒரு வரிசைமேல் சாய்ந்து நாளடைவில் உறுமத் தொடங்கும். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே 20 மி.மீ. ஸ்பேசர் வைப்பதும் உள்தள்ளளவை 20 குறைப்பதும் ஒன்றுதான். கூடவே நட்டு பிடிக்கும் மரை நீளமும் குறையும். நட்டு ஏறும் ஸ்டட் 12 மி.மீ., மரைக்கு மரை 1.5 மி.மீ. என்றால் நட்டு எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும்.

‘ஃபிட்மென்ட்’டைப் ‘பொருத்துதல்’ என்பதும் தவறு. பொருத்துதல் மாட்டும் வேலை. ஃபிட்மென்ட் என்பது தள்ளளவு, அகலம், நட்டுத்துளை வட்டம், நடுத்துளை, டயர் உயரம் எல்லாம் வண்டியோடு ஒத்துப்போகும் நிலை, ஆகவே பொருத்தம். பிரேக் காலிப்பருக்கும் ஆரத்துக்கும் உள்ள இடைவெளியும் இதில் சேரும். தள்ளளவு ஒன்றாகவே இருந்தாலும் ஆரத்தின் வளைவு வேறாக இருந்தால் காலிப்பரில் இடிக்கும்.

தள்ளளவு என்ற சொல்லின் முழு வலுவும் லாரியில் தெரியும். முன்சக்கரத்தில் டிஸ்க் வெளியே புடைத்து நிற்கும், ரிம் உள்ளே: உள்தள்ளளவு. பின்னால் இரட்டைச் சக்கரத்தில் உள்சக்கரம் அப்படியே. வெளிச்சக்கரத்தில் அதே டிஸ்க்கைத் திருப்பி முதுகோடு முதுகாக மாட்டுகிறார்கள், குழிந்த கிண்ணம் போலத் தெரியும்: வெளித்தள்ளளவு. ஒரே சக்கரம், திசை மட்டும் மாறியது. இரு டிஸ்க்குகளும் ஒட்டும் முகத்திலிருந்து தள்ளளவு 165 என்றால் இரு டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 330. டயர் அகலம் 280 என்றால் நடுவில் 50 மி.மீ. காற்றுவெளி. தள்ளளவு குறைந்த டிஸ்க்கைக் கலந்து மாட்டினாலோ அகல டயரை ஏற்றினாலோ இந்த வெளி சுருங்கும். பாரத்தில் பக்கச்சுவர் அடிப்பக்கம் பிதுங்குகையில் இரண்டும் முத்தமிட்டு உரசிச் சூடேறி, நெடுஞ்சாலையில் வெடிக்கும். இந்த இடத்தில் ‘ஈடு மிகக் குறைவு’ என்று எழுதினால் லாரி ஓட்டுநருக்கு என்ன புரியும்? ‘தள்ளளவு பத்தாது, டயர் ரெண்டும் உரசும்’ என்றால் அடுத்த கேள்வியே வராது.

சக்கரத்தில் பொறித்திருக்கும் ‘ஈ.டி.’யை மாற்றச் சொல்லவில்லை. அது அடையாளக் குறி, கடையில் கேட்டு வாங்க அதுவே வேண்டும். அதற்குப் பக்கத்தில் தமிழில் விளக்கம் எழுதும்போது ‘உள்தள்ளளவு 45 மி.மீ.’ என்று எழுதுங்கள். அந்தச் சொல் பிடிக்கவில்லையா, ‘ஆஃப்செட்’ என்றே விட்டுவிடுங்கள், ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஈடு மட்டும் வேண்டாம்.