ஃபோர்ஃபிட்: ஆடி வென்ற பிறகு வரும் தோல்விக்குத் தமிழில் என்ன பெயர்?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அணிகள் ஆடும் ஃபுட்பாலின் பழைய முடிவுப் பட்டியல்களைப் புரட்டினால், அங்கங்கே 1–0 என்றொரு ஸ்கோர் தட்டுப்படும். நம் ஊர்க் கால்பந்தில் இது சாதாரணம். ஆனால் இது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். இதில் டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) 6 புள்ளி, ஃபீல்டு கோலுக்கு (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 3, சேஃப்டிக்கு (பந்து வைத்திருப்பவரை அவருடைய கோல் கோட்டுக்குப் பின்னால் மடக்குவது) 2. ஒற்றைப் புள்ளி கிடைப்பது டச்டவுனுக்குப் பிந்தைய உதைக்குத்தான். அதனால் களத்தில் எப்படி ஆடினாலும் ஓர் ஆட்டம் 1–0 என்று முடியாது. அப்படி ஒரு ஸ்கோரைப் பார்த்தால், அது விதிப்புத்தகம் போட்ட ஸ்கோர் என்று புரிந்துகொள்ளலாம். அந்த ஆட்டம் ‘ஃபோர்ஃபிட்’ ஆகியிருக்கிறது.

ஒரு தரப்பு விதியை மீறியதாலோ ஆட மறுத்ததாலோ ஆட்டத்தைத் தோற்றதாக அறிவித்து, வெற்றியை எதிரணியின் கணக்கில் எழுதுவதுதான் ஃபோர்ஃபிட். ஏழு இன்னிங்ஸ் ஆடும் பள்ளி பேஸ்பாலில் இதற்கு 7–0 போடுவார்கள். நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் ஃபிஃபா விதிப்படி 3–0.

சொல்லின் பிறப்பு லத்தீனில். ‘ஃபோரிஸ்’ என்றால் வெளியே. ‘ஃபாக்டும்’ என்றால் செய்யப்பட்டது. இரண்டும் சேர்ந்து வரம்புக்கு வெளியே போய்ச் செய்தது என்று பொருள் தந்தன. நம் ‘வரம்பு மீறல்’தான். பழைய பிரெஞ்சில் இது குற்றத்தைக் குறித்தது. இன்றைய பிரெஞ்சிலும் ‘ஃபோர்ஃபே’ என்பதற்குக் கொடுங்குற்றம் என்ற பொருள் உண்டு. ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் குற்றம் என்றே பொருள். பிறகு குற்றத்துக்காக இழக்கும் பொருளுக்கு அந்தப் பெயர் நகர்ந்தது. அரசத் துரோகம் செய்தவனின் நிலம் மன்னனிடம் போய்விடும், அது ஃபோர்ஃபிட். விளையாட்டுக்குள் நுழைந்தபோது நிலத்தின் இடத்தில் வெற்றி வந்து உட்கார்ந்தது.

பள்ளி ஃபுட்பாலில் வெற்றி பறிபோகப் பெரும்பாலும் காரணம் ‘எலிஜிபிலிட்டி’ மீறல், அதாவது தகுதியில்லாத மாணவனை இறக்கிவிடுவது. தேர்ந்தெடு என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. எலெக்‌ஷனுக்கும் அதே வேர்தான். தமிழில் ‘தகுதி’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். ஆனால் இந்தத் தகுதிக்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை. வயது, மதிப்பெண், குடியிருக்கும் எல்லை, எந்தப் பள்ளியிலிருந்து எதற்காக மாறி வந்தான், உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து எத்தனை வருடம் ஆகிறது, இப்படி எல்லாமே காகிதச் சமாச்சாரம். ஊரிலேயே சிறந்த ஆட்டக்காரனாகவும் தகுதியற்றவனாகவும் ஒருவனே இருக்க முடியும். குறளின் நடுவுநிலைமை அதிகாரம் ‘தகுதி எனவொன்று நன்றே’ என்றுதான் தொடங்குகிறது. பரிமேலழகர் அங்கே தகுதிக்கு நடுவுநிலைமை என்றே பொருள் சொல்கிறார். பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் கேட்கும் தகுதியும் கிட்டத்தட்ட அதுதான்: இரண்டு பக்கமும் ஒரே அளவுகோல்.

இந்த அளவுகோல் எவ்வளவு தூரம் வெட்டும் என்பதற்கு டெக்சஸில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அங்கே பள்ளி ஃபுட்பால் வெள்ளிக்கிழமை இரவுத் திருவிழா. அந்த மாநிலம் 1984ல் ‘பாஸ் இல்லையேல் ஆட்டம் இல்லை’ என்று ஒரு சட்டம் போட்டது. ஏதாவது ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் ஆறு வாரம் ஆடக்கூடாது. (1995ல் இதை மூன்று வாரமாகக் குறைத்தார்கள்.) பெற்றோர் வழக்குப் போட்டார்கள். பாடத்துக்கு வெளியே உள்ள நடவடிக்கைகளில் பங்கேற்பது அடிப்படை உரிமை அல்ல என்று 1985ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது.

1988ல் டல்லஸ் நகரின் கார்ட்டர் உயர்நிலைப் பள்ளி அணி அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. அந்த அணியின் ஒரு மாணவன் அல்ஜீப்ராவில் தேறினானா இல்லையா என்று தகராறு கிளம்பியது. ஆசிரியர் போட்ட மதிப்பெண் ஒன்று, பள்ளி நிர்வாகம் வேறு கணக்கீட்டு முறைப்படி காட்டிய மதிப்பெண் இன்னொன்று. விவகாரம் கல்வித் துறைக்குப் போய், நீதிமன்றத்துக்கும் போனது. நீதிமன்ற உத்தரவின் துணையோடு கார்ட்டர் தொடர்ந்து ஆடியது. அரையிறுதியில் ஒடெசாவின் பெர்மியன் பள்ளியை 14–9 என்றும், இறுதி ஆட்டத்தில் கன்வர்ஸ் ஜட்சன் பள்ளியை 31–14 என்றும் வென்று மாநிலப் பட்டத்தையும் வாங்கியது. பிறகு அந்த மாணவன் தகுதியற்றவன் என்று முடிவாகி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பட்டம் பறிக்கப்பட்டு ஜட்சனுக்குப் போனது. அரையிறுதியிலேயே தோற்ற பெர்மியனுக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. ஃபோர்ஃபிட்டால் முடிவைத் திருத்த முடியும், நடக்காமல் போன பெர்மியன்–ஜட்சன் இறுதி ஆட்டத்தை நடத்திவைக்க முடியாது. இந்தத் தண்டனையின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

சரி, தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘ஆட்டம் கைவிடப்பட்டது’ என்று எழுதினால் மழை வந்துவிட்டது போல என்று கிரிக்கெட் பார்க்கும் வாசகர் நினைப்பார். ‘ஆட்ட இழப்பு’ என்றால் அதைவிட மோசம், யாரோ அவுட் ஆகிவிட்டார் என்று பொருளாகிவிடும். ‘பறிமுதல்’ சொத்துக்குச் சரி. தேர்தலில் செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காத வேட்பாளர் கட்டிய பணம் போவதும் ஃபோர்ஃபிட்தான், ஆனால் நாம் யாரும் அதைப் பறிமுதல் என்பதில்லை. ‘டெபாசிட் காலி’ என்கிறோம். ‘வெற்றி பறிப்பு’ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஜெயித்த ஆட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். பேருந்தை விட்டு இறங்காமலே தோற்ற அணியிடம் பறிக்க என்ன இருக்கிறது?

என் பரிந்துரை ‘தண்டத் தோல்வி’. இலங்கையில் அபராதத்தைத் ‘தண்டப்பணம்’ என்று இன்றும் சொல்கிறார்கள், நம் கிராமத்துப் பஞ்சாயத்துகளிலும் ‘தண்டம் கட்டு’ என்பார்கள். கோலைக் குறித்த சொல் தண்டனையையும், பிறகு தண்டனையாகக் கட்டும் பணத்தையும் குறிக்க வந்தது. குற்றத்திலிருந்து இழப்புக்கு நகர்ந்த ஃபோர்ஃபிட்டுக்கு நல்ல ஜோடி. ஒரே சிக்கல், ‘தண்டச்சோறு’ நினைவுக்கு வந்து சிலர் சிரிக்கலாம். தண்டம் வடசொல் ஆயிற்றே என்று தயங்குபவர்கள் ‘ஒறுப்புத் தோல்வி’ என்று எழுதலாம். ஒறுத்தல் என்றால் தண்டித்தல், ‘இன்னாசெய்தாரை ஒறுத்தல்’ பள்ளியிலேயே படித்ததுதான். தூய தமிழ்தான், ஆனால் விளையாட்டுப் பக்கத் தலைப்பில் எத்தனை பேருக்கு உடனே புரியும் என்பதில் எனக்குச் சந்தேகம்.

தானாக முன்வந்து ஆடாமல் விடுவதற்கு மட்டும் ‘விட்டுக்கொடுத்த ஆட்டம்’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். அதில் தண்டனை வாடை இல்லை.

அப்புறம், ‘வெகேட்’ என்ற சொல்லை இதோடு குழப்பக்கூடாது. அது கல்லூரி விளையாட்டில் அதிகம் புழங்குவது. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2005 ஜனவரியில் ஆரஞ்சு பவுல் என்ற கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தில் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தை வென்றது பின்னாளில் வெகேட் செய்யப்பட்டது. வென்றவர் கணக்கிலிருந்து வெற்றி நீங்கியது, ஆனால் ஒக்லஹோமாவின் தோல்வி தோல்வியாகவே நிற்கிறது. ‘வெற்றி நீக்கம்’ என்றால் இதற்குப் போதும். தண்டத் தோல்வியில் எதிரணியின் கணக்கில் ஒரு வெற்றி ஏறும், வெற்றி நீக்கத்தில் ஏறாது. செய்தி எழுதும்போது பார்க்க வேண்டியது அந்த எதிரணியின் கணக்கைத்தான்.